வாசலில் கட்டிய வாழை

புதிய உபாத்தியாயர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். வந்த அன்றே, "நீங்களெல்லாம் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள், நல்ல பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன்" என்கிறார். நாம் ஒப்புவோமா? அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை ஒப்பியது. ஊரும் கை தட்டியது.

அந்நாட்டில் கால்பந்து என்றால் நமது கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரிகளை இடித்துத் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. ராக்கி மலையடிவாரத்திலுள்ள கொலராடோ சர்வகலாசாலைக் கோஷ்டி 2022-ல் ஆடிய 12 பந்தயங்களில் ஒன்றில்தான் ஜயித்தது. உடனே டியான் சாண்டர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தினார்கள். ஐந்து வருஷத்துக்குச் சம்பளம் 2 கோடியே 95 லட்சம் டாலர்!

முதல் கூட்டத்திலேயே அவர் பழைய மாணவர்களுக்கு வெளியே போகும் வழியைக் காட்டினார். சில மாதங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விலகினர். பிற கல்லூரிகளில் ஆடியவர்கள் அந்த இடங்களில் வந்து நிறைந்தனர்.

பலன் என்ன? 2023-ல் முதல் மூன்று பந்தயங்களிலும் வெற்றி. அரங்கம் நிரம்பி வழிந்தது. அடுத்த ஒன்பதில் ஒன்றே ஒன்றுதான் வெற்றி! ஸ்டான்போர்டுடன் ஆடியபோது பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னணியில் நின்றும், முடிவில் 46-43 என்று தோற்றார்கள். பயிற்சியாளரின் மகன் ஷெடூர் பந்தை எறிவதற்குள்ளாகவே எதிரிகள் பாய்ந்து வீழ்த்தினர். முன்னே அரண்போல் நிற்க வேண்டியவர்கள் ஒருவரோடொருவர் பழகியிருக்கவில்லை. பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

மறுவருஷம் நிலை உயர்ந்தது உண்மை. 13-ல் 9 வெற்றி. டிராவிஸ் ஹண்டர் என்ற மாணவர் ஹைஸ்மன் பரிசும் பெற்றார். ஆனால் அவரும் ஷெடூரும் போனபின், 2025-ல் மீண்டும் 12-ல் 3 தான்.

சாண்டர்ஸை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு வருஷம் ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின்றி மாணவர்கள் கல்லூரி மாறலாம் என்று 2021-ல் விதி தளர்ந்தது. மாணவனுக்கு உரிமை கிடைத்தது நல்லதே. ஆனால் தானாகப் போவது வேறு. போ என்று சொல்லப்பட்டுப் போவது வேறு. ஜயிக்காவிட்டால் பயிற்சியாளரின் சீட்டும் கிழிந்துவிடும். ஆகவே அவர் அவசரப்படுகிறார். அவசரப்படுத்துகிறவர்கள் யார்? கை தட்டும் நாம்தான்.

தோல்வியடைந்த மாணவனைத் தேற்றி, திருத்தி, அடுத்த ஆட்டத்துக்கு அனுப்புவதுதான் கல்லூரியின் வேலை. கெட்டிக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குக் கல்லூரி எதற்கு? தரகர் போதுமே!

குலையோடு வெட்டி வந்த வாழையை வாசலில் கட்டினால் கல்யாணம் களைகட்டும். அது தோட்டமாகிவிடாது.