பழைய கேமராவுக்குக் கதவை அடைக்கலாமா?

வேங்கிக்கால் பக்கம் பல வீட்டு பீரோக்களில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு மினி டிவி கேசட் கிடக்கும். (டிவி என்றால் இங்கே டிஜிட்டல் வீடியோ!) 2000-களில் எடுத்தது. கேசட் நன்றாக இருக்கும், கேமராவும் ஓடும். புதுக் கம்ப்யூட்டர்தான் "யார் நீ?" என்று கேட்கும்.

காரணம், ஃபயர்வயர். சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று போட்டிருக்கும். கேசட்டில் உள்ள டிஜிட்டல் பதிவை அப்படியே, துளியும் குறையாமல் கொண்டுவருவது அந்த ஒயர்தான். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. எக்ஸ்பி காலத்து மூவி மேக்கர் கூட கேமராவைச் செருகியதும் பிடித்துக்கொள்ளும்.

2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26-ல் ஆப்பிள் ஃபயர்வயரையே தூக்கிவிட்டது. அதை வளர்த்ததே ஆப்பிள்தான் என்பது வேடிக்கை! இயங்குதளமே கைவிட்டால் எடிட்டிங் மென்பொருள் என்ன செய்யும்?

புதுசு விற்க வேண்டும், புரிகிறது. ஆனால் மலையில் தீபம் வருஷா வருஷம் ஏற்றுவார்கள், கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா? வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள பழைய டிரைவரையாவது விட்டுவைத்திருக்கலாம். லினக்ஸில் 2029 வரை பராமரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்களே!

கடையில் கேசட்டை மாற்றக் கொடுத்தால், எந்த ஒயரில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர் என்றால் படம் அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆகும், தரம் போய்விடும். ஃபயர்வயர் கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் கேசட்டுகளை ஏற்றிவிடுங்கள்.