அடுப்படிக்கு வரும் விருந்தாளி

காஸ் ஏஜென்ஸியிலிருந்து பரிசோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும் என்ன செய்கிறோம்? அடுப்பைப் பளபளவென்று தேய்த்து, மேடைக்குக் கோலம் போடாத குறையாகத் துடைத்து வைக்கிறோம். வருகிறவர் பெண் பார்க்கவா வருகிறார்? அவர் கண் போவது அடுப்புக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் குழாயின் மேல்!

போன தடவை என் வீட்டுக் குழாயைச் சற்று வளைத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் மயிரிழை போல் வெடிப்பு! ஐந்து வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டிய குழாய். அதில் அச்சிட்டிருந்த தேதி என்றோ தாண்டிவிட்டது. மூன்று வேளையும் அதன் பக்கத்தில் நின்றுதான் சமைத்திருக்கிறேன்.

அவர் வருமுன் நீங்களே பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். கசிவிருந்தால் குமிழி கிளம்பும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற அசட்டுத் தைரியம் மட்டும் வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஆகவே சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கழற்றிய பழைய குழாயை, 'தோட்டத்துக்கு ஆகுமே' என்று என் மாமியார் பத்திரப்படுத்தினார். நான் அதை நாலு துண்டாக நறுக்கிவிட்டேன்.