தண்ணீரில் சமபங்கு வேண்டும்

தமிழ்நாடு அரசுக்கும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும், திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பயிர் வைப்பவர்களும் சென்னையில் தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள்:

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போதும் காசுள்ள வீடுகளின் தொட்டிகளை லாரிகள் நிரப்பிக்கொண்டுதான் இருந்தன. அந்தத் தண்ணீர் எங்கள் ஊர்க் கிணறுகளிலிருந்து போனது.

முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். பெருநகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்கிறது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தாருக்கு ஒதுக்குவது 55 லிட்டர். நகரத்தில் பாதாளச் சாக்கடை ஓட வேண்டுமே என்பார்கள். கிராமத்திலும் இன்று கழிப்பறை இருக்கிறது. போதாததற்கு மாட்டுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். ஊரைப் பார்த்து அளப்பதை விட்டு, ஆளுக்கு ஒரே அளவு என்று அரசாணை போடுங்கள்.

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவழித்தாலும் கட்டணம் ஒன்றுதான். மீட்டர் பொருத்துங்கள். அடிப்படைத் தேவைக்குக் கட்டணமே வேண்டாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் ஏறுமுகமாக வாங்குங்கள். நீச்சல் குளமும் புல்தரையும் வைத்திருப்பவர்களால் அதைக் கொடுக்க முடியும்.

எங்களை அதிகம் வதைப்பது லாரி வியாபாரம். ஒருவர் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவு பகலாக இறைத்து விற்றால், பக்கத்து வயல்காரர் கிணறும் சேர்ந்தே வற்றுகிறது. நிலத்துக்கு வரப்பு உண்டு, அடியில் ஓடும் ஊற்றுக்கு வரப்பில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாகப் பல பத்தாண்டுகள் இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறி, கிணறுகள் உப்பாகிப் போனது அரசுக்குத் தெரியாததல்ல. 2003-இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் ரத்தானது. கிராம சபையின் சம்மதமில்லாமல் ஒரு லாரித் தண்ணீர்கூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வேண்டும். எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும். கிணற்று மட்டம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனால் விற்பனையை அன்றே நிறுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு வேண்டும்.

வீராணம் ஏரியை நம்பிக் கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் இருக்கிறது. பாசனப் பங்கை ஒதுக்கிய பிறகே அந்த ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயைத் திறக்க வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தருகிறீர்கள், நல்ல காரியம். அதை விரிவாக்கி, அந்த நீர் கிடைக்கும் இடத்தில் ஆலைகளுக்கு நன்னீர் தருவதை நிறுத்துங்கள்.

லாரிகள் வந்து போகும் ஒவ்வொரு ஊரிலும் வரும் கோடைக்கு முன் கிராம சபையைக் கூட்டி, குடிநீர் வாரிய அதிகாரிகள் நேரில் வந்து இந்தக் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.