படம் எடுத்தீர்கள் சரி, பேர் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இன்றும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு பயணக் கட்டுரை சுற்றியது. ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கள் மூத்த மகளோடு சென்னைக்கு வந்து, ஓர் இல்லத்திலிருந்து சின்னப் பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் பயணம். மாமல்லபுரம், மயிலாப்பூர்க் கோயில், தி.நகரில் பட்டுப் பாவாடை, வாழையிலைச் சாப்பாடு. கடைசியில் நம் பழவேற்காட்டுக்கும் வந்திருக்கிறார்கள். ஏரியில் படகுச் சவாரி, பூநாரை, டச்சுக் கல்லறை. படங்கள் நிறைய. "மகளின் பண்பாட்டைத் தெரிந்துகொண்டோம்" என்று முடித்திருந்தார்கள். அதற்குக் கீழே நம் பிள்ளைகள் வரிசையாகப் போட்ட கருத்து ஒன்றே ஒன்றுதான்: "கொடுத்து வைத்த குழந்தை."

அந்தத் தம்பதி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடல் கடந்து வந்து ஒரு குழந்தையைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டவர்கள். வந்த இடத்தைச் சுற்றிப் பார்ப்பதில் என்ன தப்பு? என் சண்டை உங்களோடுதான். 'கொடுத்து வைத்த' என்று எழுதிய ஒவ்வொருவரோடும்தான்.

முதல் கேள்வி. அந்தக் குழந்தை என்ன கொடுத்து வைத்தது? அம்மாவைக் கொடுத்தது. ஊரைக் கொடுத்தது. பேச்சைக் கொடுத்தது. பிறந்த பேர் ஒன்று இருந்திருந்தால் அதையும் கொடுத்தது. இதெல்லாம் போனதற்குப் பிறகு வருகிற நல்லது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போனதைக் கணக்கில் எழுதாமல் வந்ததை மட்டும் எழுதுகிற கணக்கு என்ன கணக்கு? கழித்தல் தெரியாத பிள்ளைகளையா நான் ஐந்தாம் வகுப்பு தாண்ட விட்டேன்?

இரண்டாவது கேள்வி. அந்தக் கட்டுரையில் கோயிலின் பேர் இருக்கிறது, ஓட்டலின் பேர் இருக்கிறது, ஏரியின் பேர் இருக்கிறது. குழந்தையைப் பெற்றவளைப் பற்றி ஒரு வரி உண்டா? அவள் பேரை ஊரறிய எழுதச் சொல்லவில்லை. எழுதவும் கூடாது. 'அவளைப் பற்றிய தகவலை வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறோம், மகள் வளர்ந்ததும் கொடுப்போம்' என்று ஒரு வரி போதாதா? பாவாடையையும் பித்தளைப் பிள்ளையாரையும் பெட்டியில் வைத்தவர்கள் அதையும் வைத்தார்களா? இதை நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பீர்கள். நான் இடைநிலை ஆசிரியை. குப்பத்துப் பள்ளியிலேயே காலத்தைக் கழித்தவள். ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து, இங்கே இருக்கிற பொன்னேரிக்கு ஆறாம் வகுப்பு போவதற்கு மாற்றுச் சான்றிதழில் நாங்கள் எத்தனை எழுதுவோம்! அப்பா பேர், அம்மா பேர், பிறந்த தேதி, மச்ச அடையாளம் இரண்டு. ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பள்ளியில் திருப்பி அனுப்புவார்கள். பஸ்ஸில் போகிற தூரத்துக்கு இவ்வளவு என்றால், விமானத்தில் போகிற தூரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

நம் ஏரியையே பாருங்கள். பாடு முறை தெரியாதவர் உங்களில் உண்டா? எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை விடலாம் என்பதற்குக்கூட முறை வைத்து, ஆள் குறித்து வாழ்கிற ஊர் நம்முடையது. இறாலுக்கு இருக்கிற கணக்கு ஒரு குழந்தைக்கு வேண்டாமா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தத்தெடுப்பு முடிந்ததும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்குவார்கள். அதில் பெற்றோர் என்ற இடத்தில் தத்தெடுத்தவர்கள் பேர்தான் இருக்கும். சட்டப்படி அது சரி. ஆனால் அதற்குப் பிறகு பெற்றவளைப் பற்றிய உண்மை இருக்கிற இடம், இல்லத்திலும் அலுவலகத்திலும் இருக்கிற அந்தக் கோப்பு மட்டுமே. அது காலியாக இருந்தாலோ பொய்யாக இருந்தாலோ, அந்தக் குழந்தை நாளைக்கு வந்து தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை.

பொய்யாக இருக்குமா என்கிறீர்களா? சென்னையிலேயே நடந்தது. 2005-ல் 'மலேசியன் சோஷியல் சர்வீஸஸ்' என்ற தத்து நிறுவனத்தின் விவகாரம் வெளியே வந்தது. ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள், பெற்றவளே ஒப்படைத்ததுபோலப் பொய்க் காகிதத்தோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று அனுப்பப்பட்டார்கள் என்பது புகார். வழக்கு சி.பி.ஐ. வரை போனது. காணாமல்போன தங்கள் மகன் அங்கேதான் வளர்கிறான் என்று நம்பிய சென்னைத் தம்பதி ஒன்று, நெதர்லாந்து நீதிமன்றம் வரை போய் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டு நின்றது. யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் குழந்தையைக் கூட்டிப் போக இங்கே வந்து ஊர் சுற்றிப் பார்க்கிறது. இன்னொரு குடும்பம் குழந்தையைத் தேடி அங்கே போய் நீதிமன்ற வாசலில் நிற்கிறது. முதல் பயணத்துக்குத்தான் படமும் கட்டுரையும். இரண்டாவது பயணத்துக்கு 'கொடுத்து வைத்த' என்று எழுத யாருக்காவது கை வருமா?

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1980-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனார்கள். தத்தெடுக்க வந்தவர்கள் அங்கே தங்கி, ஊர் பார்த்து, பெற்ற தாயைச் சந்தித்து, கூட நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிள்ளைகள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடிப் போனபோது, படத்தில் நின்றவள் தாயே இல்லை, தாயாக நடிக்கக் கூலி கொடுத்து நிறுத்தப்பட்டவள் என்று பலருக்குத் தெரியவந்தது. 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி இதை உலகுக்குச் சொன்னது. இப்போது சொல்லுங்கள், படத்தை மட்டும் நம்பலாமா?

இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய நெதர்லாந்து அரசு அமைத்த குழு, 2021 பிப்ரவரியில் முறைகேடுகளை எழுதி வைத்தது. அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அப்போது நிறுத்தி வைத்தது. சீனா 2024-ல், உறவுமுறைத் தத்து தவிர, வெளிநாட்டாருக்குக் கொடுப்பதை முடித்துக்கொண்டது. தாய் தகப்பன் இருக்கிற குழந்தைகளை அநாதை என்று பதிந்து அனுப்பியதைத் தென் கொரியாவின் உண்மை ஆணையம் 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. எல்லா இடத்திலும் குற்றம் ஒன்றுதான். பேரை மாற்றினார்கள், அல்லது பேரை எழுதவில்லை.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது புதுசா? டச்சுக்காரர்கள் 1609-ல் நம் ஊருக்கு வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள் என்று மட்டும்தான் நாம் பேசுவோம். ஆட்களையும் வாங்கினார்கள். பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கிற எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு படம் எடுப்பார்கள். உள்ளே கல்லில் செதுக்கிய டச்சுப் பேர்கள் இன்றும் படிக்கிறாற்போல் இருக்கின்றன. கப்பல் ஏறிய நம்மவர் ஒருவர் பேராவது இந்த ஊரில் எந்தக் கல்லிலாவது இருக்கிறதா? தத்தெடுப்பும் அடிமை வியாபாரமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அன்பாய் வளர்க்கிற ஆயிரம் பெற்றோருக்குச் செய்கிற அநியாயம். கடல் தாண்டிப் போகிறவரின் பேரை எழுதி வைக்காத ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"அப்படியானால் அந்தக் குழந்தை இல்லத்திலேயே கிடக்கட்டுமா டீச்சர்?" கூடாது. இல்லத்தைவிடக் குடும்பம் நல்லது. ஆனால் வெளிநாடு போகிற குழந்தைகள் யார் என்று தெரியுமா? 2024-25-ல் நாடு முழுவதும் நடந்த தத்தெடுப்பு 4,515. அதில் 4,155 நாட்டுக்குள்ளேயே. இங்கே பிள்ளை கேட்டுக் காத்திருப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அப்படியும் சில குழந்தைகள் கடல் தாண்டுவது ஏன்? இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, ஆறு வயது தாண்டிவிட்டது, கூடப் பிறந்தவர்களைப் பிரிக்க முடியாது. பெரும்பாலும் நம்மவர் வேண்டாம் என்று தள்ளிய குழந்தைகளே போகிறார்கள். 'பச்சைக் குழந்தையா, சிவப்பா, நோய்நொடி இல்லாமல்' என்று கேட்கிறவர்கள் நம் வீடுகளில் இல்லையா? தள்ளிவிட்ட நாமே 'கொடுத்து வைத்த குழந்தை' என்று கைதட்டுகிறோம். கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

"பெற்றவள் கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால், பேரை எழுதினால் அவள் வாழ்க்கை போய்விடுமே?" நியாயமான கேள்வி. அதனால்தான் பேர் கோப்பில் பூட்டி இருக்க வேண்டும் என்கிறேன். சட்டமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. குழந்தை பதினெட்டு வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேட விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும்போது தாய் தன் அடையாளம் மறைந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். அவளுக்கும் காப்பு, குழந்தைக்கும் வழி. பூட்டி வைப்பது வேறு, எழுதாமலே விடுவது வேறு.

"பண்பாட்டைக் காட்டினார்களே, அது போதாதா?" மாமல்லபுரம் யாருக்குத்தான் பண்பாடு இல்லை? ஆனால் அந்தக் குழந்தையின் பண்பாடு எது என்று யாருக்குத் தெரியும்? அவள் தாய் ஜமீலாபாத்தில் பனையோலை முடைகிறவளாக இருக்கலாம். ஏதோ ஒரு குப்பத்தில் கருவாடு காய வைக்கிறவளாக இருக்கலாம். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளாக இருக்கலாம். பட்டுப் பாவாடை எல்லாருக்கும் பொருந்துகிற அளவில் கடையில் கிடைக்கும். பிறந்த கதை கடையில் கிடைக்காது.

சரி, நாம் என்ன செய்வது? மூன்று சொல்கிறேன்.

ஒன்று, படம். குப்பத்துக்கோ இல்லத்துக்கோ யாராவது தத்தெடுக்க வந்தால் குழந்தையைப் படம் எடுத்துப் பகிராதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு. "ஊரில் கஷ்டப்பட்ட வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லுங்க டீச்சர், செலவைப் பார்த்துக்கிறோம்" என்று எனக்குத் தனியாக எழுதாதீர்கள். இந்த வருடம் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கஷ்டப்பட்ட வீட்டுக்கு உதவ நினைத்தால் அந்த வீட்டுக்கு உதவுங்கள், அதன் குழந்தையைக் கேட்காதீர்கள். சுனாமி வந்தபோதும் 'எடுத்துக்கிறோம்' என்று எத்தனையோ பேர் கிளம்பினார்கள். அன்றைக்கு அரசு அவசரத் தத்தெடுப்புக்கு இடம் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு. தத்து வேண்டுமென்றால் மத்திய அரசின் 'காரா' வகுத்த முறைப்படி விண்ணப்பியுங்கள். முறை தவறிக் கைமாற்றினால் 3 வருடம் வரை சிறை. குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 5 வருடம் வரை.

மூன்று, ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு. வளர்க்க வழியில்லாமல் ஒரு தாய் தவித்தால் அவளைப் புரோக்கரிடம் விடாதீர்கள், ஏசவும் ஏசாதீர்கள். 1098-க்கு அழையுங்கள், அல்லது திருவள்ளூரில் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப்போங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற அவளுக்கு 60 நாள் உண்டு. அந்த 60 நாள் பற்றி அவளுக்கு யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கடைசியில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தன் பேரையும் ஊரையும் காரணத்தையும் உண்மையாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அதற்குத்தானே உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

வருத்தப்பட்டவர்கள் கீழே சண்டை போடலாம், பதில் சொல்வேன். 'கொடுத்து வைத்த குழந்தை' என்று மட்டும் இந்தப் பக்கத்தில் இனி எழுதாதீர்கள், அழித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்