கண்ணாடி நழுவினால் பவரும் நழுவும்

மாணவர்களே, உங்கள் வகுப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களை ஒரு நாள் கவனியுங்கள். ஒருவர் அடிக்கடி விரலால் மேலே தள்ளுவார். இன்னொருவரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மற்றொருவர் உடைந்த இடத்தில் செலோடேப் சுற்றியிருப்பார். வீட்டில் சொன்னால் ஏச்சு விழும், புதிது வாங்கினால் செலவு என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இது தோற்றப் பிரச்சினை மட்டுமல்ல, பார்வைப் பிரச்சினையும்கூட. கிட்டப்பார்வைக்குத் தரும் குழிலென்ஸ் கண்ணை விட்டு விலக விலக, அதன் பயன் குறையும். -6.00 பவர் கண்ணாடி 8 மில்லிமீட்டர் முன்னால் நழுவினால், அது சுமார் -5.75 பவருக்குச் சமமாகிவிடும். வெண்பலகை எழுத்து மங்கும். பவர் ஏறிவிட்டதோ என்று நாம் பயப்படுவோம். உண்மையில் தளர்ந்தது ஒரு திருகாணியாக இருக்கலாம். கண்ணாடி சாய்ந்தாலும் தொல்லைதான். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாவிட்டால், லென்ஸ் ஒரு பட்டகம்போல ஒளியை வளைக்கும். இரு கண்ணும் ஒரே பிம்பத்தைக் காணச் சிரமப்படும், தலைவலியும் வரலாம்.

ஆகவே சின்னச் சின்னப் பழுதுகளை நீங்களே சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடியைச் சமமான மேசையில் தலைகீழாக வையுங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் பிரேம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். கீலில் உள்ள திருகாணி தளர்ந்திருந்தால், சிறிய திருப்புளியால் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாக முறுக்குங்கள். அதன் தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் சீக்கிரம் கழன்று வராது. திருகாணி தொலைந்துவிட்டால், கடைக்குப் போகும்வரை அந்த ஓட்டையில் கெட்டியான நூலைக் கோத்துக் கட்டலாம். கண்ணாடி நழுவுவதற்குப் பல நேரம் மூக்குப் பட்டையில் படியும் வியர்வையும் எண்ணெயும்தான் காரணம். கழுவினாலே போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை பனிமூட்டம். கிள்ளானிலிருந்து குளிரூட்டிய கொமுட்டர் ரயிலில் வந்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் தெருவில் கால் வைத்ததும் கண்ணாடி வெளுத்துவிடும். குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் நீராவி நுண்துளிகளாகப் படிவதே காரணம். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டால் லென்ஸைக் கழுவி, மென்துணியால் ஒற்றியெடுங்கள். மிஞ்சும் மெல்லிய சோப்புப் படலம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். துளிகள் உருளாமல் விரிந்துவிடும், பார்வை மறையாது.

ஆனால் எல்லை தெரிய வேண்டும். சட்டை நுனியால் உலர்ந்த லென்ஸைத் துடைக்காதீர்கள். தூசியில் உள்ள மணல் துகள் பிளாஸ்டிக் லென்ஸை விடக் கடினமானது. முதலில் தண்ணீரில் அலசுங்கள். கீறலைப் பற்பசையால் தேய்த்துப் போக்கலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள்கள் பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைச் சுரண்டிவிடும். சூப்பர் குளூவும் வேண்டாம். அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். கைரேகையைக் கண்டுபிடிக்கக் காவல்துறை பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் கண்ணாடியை வைக்காதீர்கள். சூட்டில் லென்ஸும் அதன் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிவதால் பூச்சு வெடிக்கும்.

பிரேமை வளைப்பது, லென்ஸ் மாற்றுவது, பவர் பார்ப்பது ஆகியவை கடைக்காரரின் வேலை. மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி அதற்கெனப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கோணிய பிரேமைப் பல கடைகளில் காசு வாங்காமலேயே சரிசெய்து தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் பலகை மங்கலாகத் தெரிந்தால், பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளியின் அறிவியல் கழகம் ஒரு சிறிய திருப்புளியும் கொஞ்சம் சோப்பும் வாங்கி வைக்கட்டும். மாதம் ஒரு நாள் எல்லாருடைய கண்ணாடியையும் மேசையில் வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் படித்த லென்ஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. பின்வரிசை நண்பர் ஒருவருக்கு அன்றே பலகை தெளிவாகத் தெரியக்கூடும்.