காலேஜ் கேட்டுக்கு வெளியேதான் மலை இருக்கு



ஜூன் 5 வந்தா நம்ம டைம்லைன் முழுக்கப் பச்சையா மாறிடும். ஒரு மரக்கன்னு, அதைச் சுத்திப் பதினஞ்சு பேர், பின்னாடி பேனர். கன்னை விடப் பேனர் பெருசு. காலேஜ்ல நடந்தாலும் அதே படம், கட்சி நடத்தினாலும் அதே படம். பேனர்ல யார் முகம் இருக்குங்கிறது மட்டும்தான் மாறும். அந்தப் படங்களுக்கு லோகோ வெச்சு, வெளிச்சம் கூட்டி ஏத்துறது என்னை மாதிரி ஐடி விங் பசங்கதான். அதனால குத்தம் சொல்ற தகுதி எனக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியல. ஆனா பழைய போல்டரைத் திறந்து பார்க்கிற வாய்ப்பும் எனக்குத்தான் கிடைக்குது. பார்த்தா ரெண்டு வருஷப் படத்துல ஒரே சுவர், ஒரே மூலை, கிட்டத்தட்ட ஒரே குழி. முதல் வருஷம் நட்டது எங்கேன்னு யாரும் கேட்கல. நானும் கேட்கல.

இதைப் பத்தி எழுதப் போறேன்னு எங்க ஏரியா செயலாளர் அண்ணன்கிட்ட சொன்னேன். "தம்பி, கிளைமேட்டுக்கு எவன்யா ஓட்டுப் போடுவான்? குடிதண்ணி, ரோடு, ரேஷன் பத்தி எழுது"ன்னார்.

அண்ணன் மேல மரியாதை உண்டு. ஆனா அவர் சொன்ன மூணுமே இந்த விஷயத்துக்குள்ளதான் இருக்கு. போடிக்குக் குடிதண்ணி கொட்டகுடி ஆத்துல இருந்து வருது. அந்த ஆறு பிறக்கிறது குரங்கணி மலையில. ரோடுன்னா நமக்குப் போடிமெட்டு ரோடு, 17 கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி மழைக்குப் பாறை உருண்டு விழுந்தா மலைக்குப் போற ஜீப் நின்னுடும். ஜீப் நின்னா அன்னைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத வீட்ல ரேஷன் அரிசிக்குத் தொட்டுக்க என்னன்னு அண்ணன் வீட்டு அண்ணியைக் கேட்டாலே சொல்வாங்க.

விடிஞ்சும் விடியாத நேரத்துல போடியில நின்னு பாருங்க. தூக்குவாளியும் பழைய ஸ்வெட்டருமா ஜீப்புல நெருக்கியடிச்சு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்புற அக்காமார்களைப் பார்க்கலாம். ஏலச்செடி நிழலும் ஈரமும் கேட்கிற செடி. 2024 கோடையில இடுக்கி மலையில வெயில் தாங்காம செடி கருகினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செடி கருகினா காய் எடுக்க ஆள் எதுக்கு? தோட்டக்காரருக்கு நஷ்டஈடு வேணும்னு பேச சங்கம் இருக்கு, பேசட்டும், நியாயம்தான். ஜீப்புல போற அக்காவுக்குப் போன வேலைநாளை யார் கணக்கெடுத்தா? 2019 ஆகஸ்டில ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போச்சு. 2018 வெள்ளமும் அதுக்கு அடுத்து வந்த வறட்சியும் சேர்ந்து விளைச்சலை அடிச்சதால ஏறின விலை அது. விலை ஏறினதைப் பார்த்து ஊரே பேசுச்சு. விற்கக் காய் இருந்தவங்களுக்குத்தானே அந்த விலை?

அதனால கிளைமேட்டுங்கிறது போடியில கூலிப் பிரச்சினை. அப்படித்தான் நான் பார்க்கிறேன்.

இப்ப காலேஜுக்கு வர்றேன்.

1991ல எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கணும்னு சொல்லுச்சு. அதுக்கு அப்புறம் இத்தனை வருஷமா இந்த நாட்டுல டிகிரி படிக்கிற எல்லாருக்கும் அந்தப் பேப்பர் உண்டு. நானும் இன்ஜினியரிங்ல எழுதினேன். அஞ்சு யூனிட், 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம். "காட்டுத்தீயின் விளைவுகள்" மாதிரி கேள்விக்குப் பாயிண்ட் போட்டுத் தள்ளினோம். நான் படிச்ச இடத்தோட பேர் வேண்டாம், எல்லா இடத்துலயும் இதே கதைதான். வகுப்பு ஜன்னல்ல இருந்து பார்த்தா மலை தெரியும். மாசி, பங்குனியில ராத்திரி அந்த மலையில கோடு மாதிரி தீ எரியும். மறுநாள் காலையில அதே பாடத்தை புரொஜெக்டர்ல அமேசான் காட்டுப் படத்தோட நடத்துவாங்க. அப்ப இது எனக்கு வித்தியாசமாவே படல.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலைப் பக்கம் இருந்து குரங்கணிக்கு இறங்கிட்டு இருந்தாங்க. காய்ஞ்ச புல்லு. கீழே இருந்து தீ ஏறுச்சு. சரிவுல தீ எப்பவும் மேல் நோக்கித்தான் வேகமா ஓடும், ஏன்னா அந்தச் சூடு மேல இருக்கிற புல்லை முதல்லயே காய வெச்சிடும். இந்த ஒரு விஷயம் குரங்கணியில மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு மலையில மாட்டிக்கிட்ட பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. 23 பேர் போயிட்டாங்க. நம்ம வயசுப் பிள்ளைங்க.

ஹெலிகாப்டர் வந்ததை டிவியில எல்லாரும் பார்த்தோம். அதுக்கு முன்னாடியே மேல ஓடினது குரங்கணி ஊர்க்காரங்களும் மலைவாழ் மக்களும்தான். போர்வையில தூக்கிக் கட்டிக் கொண்டு வந்தாங்க. பாதை, சரிவு, காத்து எந்தப் பக்கம் திரும்பும்ங்கிறது எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்தக் காலேஜும் அதுக்கு முன்னாடி போய்க் கேட்டதில்லை. அதுக்கு அப்புறமாவது கேட்டோமா? 2018லயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோட திறந்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியா வெச்சது. நல்ல விஷயம்னா நல்ல விஷயம்னு சொல்லிடணும். டூரிஸ்டுக்கு வழிகாட்ட அவங்க வேணும்னு புரிஞ்சிருச்சு. பாடம் நடத்தவும் அவங்க வேணும்னு புரியறதுக்கு இன்னும் எவ்வளவு நாள்?

நான் கேட்கிறதுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. என்.எஸ்.எஸ்.ல சேர்ந்த ஒவ்வொரு மாணவரும் ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சமூகப் பணி செய்யணும், ஏழு நாள் முகாம் போகணும். முகாமுக்கு ஒரு ஊரைத் தத்தெடுக்கணும். பெரும்பாலும் அது பஸ் போற ரோட்டோர ஊரா இருக்கும். கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவோம், ஊர்வலம் போவோம், கடைசி நாள் கலை நிகழ்ச்சி. யுஜிசியோட சுற்றுச்சூழல் பாடத்திட்டத்துலயே கள ஆய்வுன்னு தனியா இருக்கு. அந்த ஏழு நாளைக் கொட்டகுடி ஊராட்சியில வைங்க. குரங்கணி, முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் எல்லாம் அந்த ஊராட்சிதான். (ரயிலே போகாத மலைக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்னு பேர் எப்படி வந்துச்சுன்னு நண்பர்கள் கேட்பாங்க. வெள்ளைக்காரன் காலத்துல டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலையைக் கொட்டகுடிக்கு இறக்கின ரோப்வேயோட நடு ஸ்டேஷன். மேல மூணாறு பக்கம் ஓடின ரயிலை 1924 வெள்ளம் ஒரே மழையில துடைச்சுட்டுப் போச்சு. பேர் மட்டும் மிச்சம்.)

முகாமை ஜனவரியில வைக்கணும். கோடைக்கு முன்னாடி வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுற நேரம் அது. வனத்துறை அனுமதியோட, ஊர்க்காரங்க முன்னாடி நிக்க, மாணவர்கள் கூடமாட வேலை செய்யலாம். எங்கே ஓடை இருக்கு, எந்தச் சரிவுல போன வருஷம் எரிஞ்சதுன்னு போன்லயே வரைபடம் போடலாம். தெளிவா சொல்லிடறேன், தீயை அணைக்க மாணவர்களை அனுப்பச் சொல்லல. அது பயிற்சி உள்ளவங்க வேலை. அந்த வேலைக்கு வர்ற தீத்தடுப்புக் காவலர்களை சீசனுக்கு சீசன் தற்காலிகமா எடுக்கிறதை மாத்தி, மலை ஊர்ப் பசங்களுக்கு நிரந்தர வேலையா கொடுங்கன்னு கேட்க வேண்டியது நம்ம வேலை. கட்சியோட வேலை.

எனக்கு இன்னும் ஆசையா இருக்கிற விஷயம் மழைக் கணக்கு.

தோட்டத்துல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். எஸ்டேட் ஆபீஸ்ல மழை அளக்கிற குவளையும் ஒரு நோட்டும் இருக்கும். காலையில எத்தனை மில்லிமீட்டர்னு எழுதி வைப்பாங்க. சில இடத்துல தாத்தா காலத்து நோட்டு இருக்கும். அந்தக் கணக்கு அந்த மேஜையை விட்டு வெளியே வந்ததில்லை. ஆனா மலையில மழைங்கிறது வளைவுக்கு வளைவு வேற. ஆடியில போடியில வெயில் அடிக்கும், மெட்டுல குடை இல்லாம நிக்க முடியாது. ஐப்பசியில அப்படியே திரும்பும், நம்ம பக்கச் சரிவுல கொட்டும். கீழே ஒரு இடத்துல அளந்துட்டு மலைக்கு எச்சரிக்கை கொடுத்தா எப்படிச் சரியா வரும்?

வயநாட்டுல கல்பற்றாவில ஹ்யூம் மையம்னு ஒரு சூழலியல் ஆய்வு நிறுவனம் இருக்கு. உள்ளூர் மக்களைச் சேர்த்து மாவட்டம் முழுக்க 200க்கு மேல மழை அளக்கிற இடங்களை உருவாக்கினாங்க. 2024 ஜூலை 29ம் தேதி, அந்தக் கணக்கை வெச்சு நிலச்சரிவு அபாயம்னு மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னாங்க. மறுநாள் அதிகாலையில முண்டக்கை, சூரல்மலை போச்சு. சொன்னதைக் கேட்டு முழுசா ஆளை வெளியேத்தி இருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு நினைச்சா தூக்கம் வராது. கோட்டயம் பக்கம் மீனச்சில் ஆத்துப் படுகையில பள்ளிக்கூடப் பிள்ளைங்களே மழை அளந்து பகிர்ந்துக்கிறாங்க. பள்ளிப் பிள்ளைங்க செய்யறது நம்ம இன்ஜினியரிங் காலேஜால முடியாதா?

பெட்டிமுடியை மறந்துடாதீங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. 70 பேர். மூணாறு தேயிலைத் தோட்ட லயன் வீடுகள்ல தூங்கிட்டு இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். நம்ம மலையோட அந்தப் பக்கம்தான். மேல இருந்து மண்ணு வரப் போகுதுன்னு அந்த ராத்திரி அவங்க கதவைத் தட்டிச் சொல்ல யாருமில்லை.

போடியில ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கு. பேரைக் கவனிங்க. விவசாயிகள் சங்கம் சேர்ந்து தொடங்கின கல்லூரி. 2012ல வந்த அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கு. ஒரு பக்கம் மலைத் தோட்டக்காரங்களோட தொடர்பு, இன்னொரு பக்கம் சென்சார், புரோகிராம் தெரிஞ்ச பிள்ளைங்க. அம்பது தோட்டத்து நோட்டு தினமும் காலை 8.30 கணக்கை ஒரு போன் மெசேஜா அனுப்பினா போதும், ஒரு பைனல் இயர் புராஜெக்ட்ல மீதி வேலை முடிஞ்சிடும். 24 மணி நேரத்துல 115.6 மில்லிமீட்டர் தாண்டினா மிகக் கனமழை, 204.5 தாண்டினா அதிகனமழைன்னு வானிலைத் துறையோட அளவுகோல் ஏற்கெனவே இருக்கு. நோட்டு இல்லாத தோட்டத்துக்கு மழைமானி வாங்க ஆகுற செலவு, நாம ஒரு கூட்டத்துக்கு அடிக்கிற பிளக்ஸ் செலவுக்குள்ள முடியும். கணக்கை ஆட்சியர் தலைமையில இருக்கிற மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுக்கணும், அவங்க அதை வாங்கிக்கணும். "மாணவங்க எடுத்த கணக்கு தானே"ன்னு ஒதுக்கினா அப்ப நாம போய்க் கேட்போம்.

பிள்ளைங்க படிக்க வேண்டாமா, கேம்பஸ் இன்டர்வியூ இருக்கேன்னு பெத்தவங்க கேட்பாங்க. நியாயமான கவலை. முதல் பட்டதாரி வீட்ல இருந்து வந்தவன்தான் நானும். அதனாலதான் இதை மார்க்கோட சேர்க்கணும்னு சொல்றேன். மனப்பாடம் பண்ணி எழுதுற பேப்பருக்குப் பதிலா, முதுவாக்குடி பெரியவர் ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து எழுதின களக் குறிப்புக்கு மார்க் கொடுங்க. அந்தப் பெரியவருக்கு மாணவங்க சும்மா பொன்னாடை போத்திட்டு வரக் கூடாது. ஒரு நாள் கூலியை மதிப்பூதியமா கொடுக்கணும், அவரும் அங்கே வாத்தியார்தான்.

நம்ம பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு. பசுமைத் தமிழகம் இயக்கம் 2022ல தொடங்கி, 33 சதவீதப் பரப்புக்குக் காடும் மரமும் வேணும்னு இலக்கு வெச்சிருக்கு. அரசும் சரி, காலேஜும் சரி, கட்சிகளும் சரி, நட்டதைத்தான் அறிவிக்கிறோம். இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் நாம போட்ட மரக்கன்னு படம் ஒவ்வொண்ணுக்கும், அதே இடத்துல இன்னைக்கு எடுத்த படத்தை ஏத்தணும்னு ஐடி விங் குரூப்ல நான் எழுதிக் கொடுத்திருக்கேன். காய்ஞ்சிருந்தா காய்ஞ்ச படம். எதிர்க்கட்சிக்காரன் மீம் போடுவான்னு ஒரு தோழர் பயந்தார். போடட்டும் தோழர், அவன் நட்டதையும் காட்டச் சொல்லிக் கேட்போம்.

முதல் படத்தை நானே போடுறேன். போன வருஷம் எங்க வார்டுல நட்டது பதினொண்ணு. நேத்து போய் எண்ணிட்டு வந்தேன், நிக்கிறது மூணு. ரெண்டு புங்கன், ஒரு வேம்பு. வேம்புக்குத் தண்ணி ஊத்தினது எதிர்ல இட்லிக் கடை வெச்சிருக்கிற அக்கா, கட்சிக்காரங்க யாரும் இல்லை.

மலையில தோட்டம் வெச்சிருக்கிறவங்க, ஸ்டோர்ல, எஸ்டேட் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க இடத்துல மழை நோட்டு இருந்தா ஊர் பேர் மட்டும் எழுதுங்க. எந்த வருஷத்துல இருந்து இருக்குன்னும் சொல்லுங்க. போடி, தேனி காலேஜ் பசங்க ரெண்டு பேர் எக்செல் ஷீட் திறந்து காத்திருக்காங்க.

#குரங்கணி #போடி #மழைநோட்டு