பாசி: கண் படும் இடத்தில் இருக்கட்டும், கால் படும் இடத்தில் வேண்டாம்

சில வாரங்களுக்கு முன், திண்டிவனத்திலிருந்து தம் தந்தையாரை அழைத்து வந்திருந்த ஒரு மகள், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னும் எழுந்திருக்கத் தயங்கினார். “டாக்டர், அப்பா நாள் முழுவதும் கட்டிலிலேயே இருக்கிறார். எதிர்ச் சுவரில் பாசிச் சட்டம் ஒன்றை வாங்கி மாட்டலாமா? தண்ணீரே ஊற்ற வேண்டாமாம், காற்றையும் சுத்தம் செய்யுமாம்” என்று கேட்டார். பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டு வரும் அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். “மழைக்காலத்தில் மாடிப் பாசியைச் சுரண்ட ஆள் தேடுகிறோம். நீ அதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறாயா, அம்மா?” என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆகவே இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறேன்.

முதலில் மகளின் பக்கம். படுக்கையில் இருப்பவரின் கண்ணுக்குப் பசுமை தேவை என்பது வெறும் அழகுணர்ச்சி அன்று. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வீரியமிக்க வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். எனினும் நாற்பது ஆண்டுகளாக மருத்துவமனைகளைக் கட்டுவோர் அதை நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஆனால் கடையில் விற்கும் பாசிச் சட்டத்தைப் பற்றிச் சொல்லப்படுவன அனைத்தும் உண்மையல்ல. தண்ணீர் வேண்டாத பாசி பெரும்பாலும் உயிரற்ற பாசி. கிளிசரின் ஏற்றி, சாயமிட்டுப் பதப்படுத்தியது. உயிரற்ற ஒன்று காற்றைச் சுத்தம் செய்யாது. தூசியைத்தான் சேர்த்து வைக்கும். உயிருள்ள செடிகளுக்கும் அந்த ஆற்றல் மிகச் சிறிதே. 1989-இல் நாசா நடத்திய ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. வீட்டில் சன்னல் வழியே நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. சன்னலைத் திறந்து வைப்பதே எளிது.

அப்படியானால் உயிருள்ள பாசியை அறைக்குள் வளர்க்கலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. தன் மேற்பரப்பு முழுவதாலும் நீரை உறிஞ்சி வாழ்வது அது. எனவே அதைச் சுற்றி எப்போதும் ஈரம் வேண்டும். அதே ஈரம் சுவரில் பூஞ்சையையும் வளர்க்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் பல வாரங்கள் காயாத சுவர்களுக்கு நடுவே உறங்கி, மூச்சிரைப்புக் கூடி வந்த ஆஸ்துமா நோயாளர்களை நான் பார்த்தேன். நோயாளர் அறையில் நாமே ஈரத்தை உண்டாக்கலாகாது.

இனித் தந்தையின் பக்கம். தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் இரண்டு உயிர்களைக் குறிக்கிறோம். செங்கல் இடுக்கிலும் கைப்பிடிச் சுவரின் மேலும், செஞ்சிக் கோட்டையின் கற்களிலும், மழைக்குப் பின் பச்சை வெல்வெட் போல் மெத்தென்று படர்வது ஒன்று. மாடித் தளத்திலும் குளியலறையிலும் வழவழவென்று படிவது மற்றொன்று. முன்னது மாஸ் எனப்படும் சிறு தாவரம். பின்னது பெரும்பாலும் ஆல்கா. வழுக்கி விடுவது முக்கியமாக இந்த ஆல்காதான் என்றாலும், நனைந்தால் காலடியில் இரண்டும் ஆபத்தே.

இதை நான் நூலில் மட்டும் படித்தறியவில்லை. 2015-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் தாயார் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடியுடன் வாசல் வரை நடக்க எட்டு மாதங்கள் ஆயின. அந்தப் பாசியைப் பத்து நாட்களாகப் பார்த்துக்கொண்டேதான் நான் மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ‘ஞாயிற்றுக்கிழமை தேய்த்துவிடலாம்’ என்று இருந்தேன். அவர் விழுந்தது வெள்ளிக்கிழமை.

ஆகவே என் பரிந்துரை இதுதான். சட்டத்துக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் முதலில் குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். நடைபாதை, படிக்கட்டு, கிணற்றடி, மாடி ஆகியவற்றை முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதனோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். கழுவும்போது நோயாளர் அருகில் இருக்க வேண்டாம்.

பிறகு, பசுமைக்கு ஒரு வழி. கைப்பிடிச் சுவரிலோ பழைய செங்கல்லிலோ தானாக முளைத்த மாஸை, அடிமண்ணோடு மெல்லப் பெயர்த்து, அடியில் துளையுள்ள அகன்ற மண்தட்டில் அழுத்தி வையுங்கள். நோயாளரின் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி, சன்னலுக்கு வெளியே, நேர்வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். உரம் வேண்டாம். காலையில் ஒரு கை நீர் தெளித்தால் போதும். தட்டில் நீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும் என்பதை மறவாதீர்கள். சர்க்கரை நோயுள்ளவர்களும், எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் கையுறை இன்றி அதைத் தொட வேண்டாம். 1988-இல் அமெரிக்காவில் மரக்கன்றுகளைச் சுற்றிக் கட்டிய பாசியைக் கையாண்ட 84 பேருக்குத் தோலில் பூஞ்சை நோய் பரவியது.

சித்திரை வெயிலில் அது பழுப்பேறிச் சுருங்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். நீர் தெளித்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் மீண்டும் விரியும்.

பராமரிப்பே தேவைப்படாத பசுமையை அந்த மகள் ஏன் தேடினார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மருந்து கொடுத்து, உணவூட்டி, உடல் துடைத்து, இரவில் இருமுறை எழுந்து திரும்பப் படுக்கும் ஒருவருக்கு இன்னொரு வேலை பாரம்தான். அதனால் நீர் தெளிக்கும் வேலையை நோயாளரிடமே கொடுக்கச் சொன்னேன். மெல்லக் குணமாகி வரும் வலக்கையால் தெளிப்புப் புட்டியை அழுத்துவது, விரல்களுக்கு நல்ல பயிற்சி.

கடந்த வாரம் மீண்டும் வந்திருந்தனர். “தினமும் பத்து முறை அழுத்துகிறேன்” என்றார் பெரியவர். மாடிப் பாசியைச் சுரண்டியாகிவிட்டதா என்று கேட்டேன். மகள் முந்திக்கொண்டு, “முதலில் அதைத்தான் செய்தோம், டாக்டர்” என்றார்.